ரமணா சார் எழுதிக் கொடுத்த கலைவாணி

2006-இல் கலைவாணியிடம் யாராவது "உன்னைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டிருந்தால், அவள் எழுந்து நின்று மூன்று நிமிடம் இங்கிலீஷில் பேசியிருப்பாள். சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்ததாகச் சொல்வாள். சம்பளப் பட்டியல் போடும் சாஃப்ட்வேர் எழுதியதாகச் சொல்வாள். ஆறு பேர் இருந்த டீமில் தன் பங்கு இன்னது என்பாள். கடைசியில், தன்னுடைய மிகப் பெரிய பலம் நேர்மை என்று சொல்லி முடிப்பாள். அதுவரை அவள் சென்னைக்குப் போனதே ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. அதே மூன்று நிமிடத்தை ஒரு வார்த்தை மாறாமல் நானும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என் பெயர் தேவயானி. புத்தூர் பக்கத்தில் எங்களுக்கு நிலம் உண்டு, மாந்தோப்பு உண்டு, சாப்பாட்டுக்குக் குறையில்லை. வேலை கிடைக்காவிட்டாலும் என் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். கலைவாணி கதை அப்படியில்லை.

அவள் ராமகுப்பம் பக்கம். அவர்கள் குடும்பம் தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கிய குடும்பம். அப்பா ஏழுமலை காலத்தில்தான் அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர் பட்டா கைக்கு வந்தது. அதில் மல்பெரி வைத்து, பட்டுப்புழு வளர்த்தார்கள். ஒரு ஏக்கர் மல்பெரி நான்கு வயிற்றை நிரப்பிவிடாது. அதனால் அவர் வாரத்தில் ஆறு நாள், விடிவதற்கு முன்பே குப்பம் ஸ்டேஷனுக்குப் போய், பெங்களூர் போகிற பாசஞ்சரில் ஏறி, அங்கே கட்டட வேலையில் கான்கிரீட் சுமந்துவிட்டுப் பொழுது சாய்ந்து திரும்புவார். அந்த ரயிலில் பாதிப் பேர் அப்படிப் போகிறவர்கள்தான். பெங்களூரில் புதிது புதிதாகக் கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கு வலது முழங்கால் போய்விட்டது. ரயில் பெட்டியின் படியில் இடது காலை வைத்து, வலது காலைக் கையால் தூக்கி வைப்பார் என்று கலைவாணி ஒரு தடவை சொன்னாள்.

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு ஆசை இருந்தது. ஒருத்திக்கு அமெரிக்கா, ஒருத்திக்கு கார், எனக்கு எங்கள் ஊர் ஜனம் என்னைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்பது. கலைவாணிக்கு இருந்தது ஒன்றே ஒன்று. நைனா அந்த ரயிலில் ஏறுவது நிற்க வேண்டும்.

நாங்கள் இருவரும் திருப்பதியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர்ஸ் படித்தோம். மூன்று வருடம் ஒரே ஹாஸ்டல் அறை. லேபில் என் ப்ரோக்ராம் ஓடாவிட்டால் நான் கம்ப்யூட்டரைத் திட்டுவேன். அவள் திட்ட மாட்டாள். ப்ரோக்ராமைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பென்சிலை வரி வரியாக நகர்த்திக்கொண்டே போவாள். "இப்போ இதுல அஞ்சு கீது. இங்க வந்தா நாலு ஆவுது. அப்போ இங்கதான் தப்பு" என்று முணுமுணுப்பாள். பார்க்க எரிச்சலாக இருக்கும். ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் ஹாஸ்டலே அவள் கட்டிலைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கும், நான் முதல் ஆளாக.

2004-இல் படிப்பு முடிந்தது. நான் ஊருக்குப் போய் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். அதற்கு இங்கிலீஷில் வேறு பெயர் வைத்து ரெஸ்யூமில் எழுதலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கலைவாணி ராமகுப்பம் பக்கத்தில் ஒரு சாக்கி சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டுப்புழு பொரிந்து வந்ததும் முதல் சில நாள் கைக்குழந்தை மாதிரி. அந்த நாட்களில் புழுவை ஒரே இடத்தில் வைத்து வளர்த்து, கொஞ்சம் தேறியதும் விவசாயிகளுக்குக் கொடுக்கிற இடம்தான் சாக்கி சென்டர். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரும், ஓடினால் தெருவுக்கே கேட்கிற ஒரு பிரிண்டரும் இருந்தன. பதிவேட்டை டைப் அடிக்கத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் டைப் அடித்ததோடு நிற்கவில்லை என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து நான்தான் அவளை மறுபடி திருப்பதிக்கு இழுத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், வளையல் கடை மாடியில், ரமணா சாரின் இன்ஸ்டிட்யூட் இருந்தது. வேலை வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னதில்லை. "நான் உங்களை ரெடி பண்றேன், அந்தே" என்று தெலுங்கு கலந்து சொல்வார், அவ்வளவுதான் என்று அர்த்தம். ரெடி பண்ணுவது என்றால், ஃப்ரெஷர் என்ற கறையைத் துடைத்து, இரண்டு வருட அனுபவசாலியாக மாற்றுவது. சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயரும் லெட்டரும் அவர் கொடுப்பார். அந்தக் கம்பெனியின் பெயர் இன்றைக்கும் என் நாக்கில் நிற்கிறது, சொல்ல மாட்டேன். யாராவது போன் செய்து விசாரித்தால் "ஆமா, வேலை பார்த்தாங்க" என்று சொல்ல அங்கே ஒரு ஆளும் உண்டு.

கலைவாணி தன் பழைய ரெஸ்யூமைக் கொண்டுபோய் ரமணா சாரிடம் நீட்டிய நாளில் நானும் இருந்தேன். அதில் சாக்கி சென்டரைப் பற்றி எட்டு வரி எழுதியிருந்தாள்.

ரமணா சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதி ஏமம்மா? பூச்சி, தழை, ஜுரம். சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போறியா, இல்ல வெட்னரி ஆஸ்பத்திரிக்கா?"

"அது நான் எழுதுன ப்ரோக்ராம் சார். ரெண்டு வருசமா ஓடிக்கினு கீது."

"அப்பாயின்ட்மென்ட் லெட்டர் உண்டா?"

"இல்ல சார்."

"அப்போ அது வேலையே கிடையாது" என்று எட்டு வரியின் மேலும் கோடு போட்டார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவர் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றியது. எங்கள் பக்கத்து ஜனம் அப்படித்தான். கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து செய்தால் வேலை, புழுக் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் அது வீட்டு ஒத்தாசை. இதைச் சொல்லித் தர எங்களுக்கு ரமணா சார் தேவையே இல்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் கம்பெனி ஒன்று திருப்பதியில் ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ வைத்தது. கலைவாணிக்கு அது ஆறாவது இன்டர்வியூ. முந்தைய ஐந்திலும் மூன்று நிமிடம் முடிந்து நான்காவது நிமிடத்தில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பொய் சொல்லத் தெரியாதவள் என்று நான் அவளைப் பெருமைப்படுத்த மாட்டேன். மனப்பாடம் செய்ததைச் சொல்வாள். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால், பென்சிலை நகர்த்த அங்கே வரி எதுவும் இருக்காது. அன்று காலை என்னிடம் சொன்னாள்:

"இன்னிக்கு இல்லன்னா நான் ஊருக்குப் போய்ட்றேன் தேவி. நைனாவால இனி முடியாது. நான் போனா தழை வெட்டறதையாவது பாத்துக்குவேன். ஆனா ரயிலு நிக்காது."

ஹோட்டல் வராந்தாவில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். பதினைந்து பேரில் ஒன்பது பேர் ரமணா சாரின் ஆட்கள். அதில் இரண்டு பையன்கள் முதல் நாளே மலைக்குப் போய், வேலை கிடைத்தால் கொடுப்பதாக வேண்டிக்கொண்ட முடியை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அறையில் ஏ.சி. வேலை செய்யவில்லை என்று கதவைப் பாதி திறந்தே வைத்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும். கலைவாணி உள்ளே போனதும் அந்த நாற்காலி எனக்கு வந்தது. அடுத்த ஆள் நான்தான்.

உள்ளே இருந்தவர் பெயர் பத்மினி என்று கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் போட்டிருந்தது. நாற்பது வயது இருக்கும். கலைவாணி ஆரம்பித்தாள். பெயர், படிப்பு, சென்னைக் கம்பெனி, ஆறு பேர் டீம். பத்மினி மேடம் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சம்பளப் பட்டியல்தானே?" என்று தமிழிலேயே கேட்டார். "காலையிலேருந்து அதே ஆறு பேர் டீம்ல ஏழு பேரைப் பார்த்துட்டேன். இந்த ரெஃபரன்ஸ் நம்பருக்கும் நாலு தடவை அடிச்சாச்சு. நான் யார் பேரையும் சொல்றதுக்கு முன்னாடியே அந்த ஆள், ஆமா, நல்ல பொண்ணுன்றார். கடைசியா நான் கேட்டது ஒரு பையனைப் பத்தி."

எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வராந்தா முழுக்க ஆட்கள்.

"சரி, அதை விடுங்க" என்றார் பத்மினி மேடம். "எல்லாரையும் கேட்ட கேள்விதான். நீங்க எழுதின ப்ரோக்ராமை யாராவது உபயோகிச்சிருப்பாங்க இல்லையா? அவங்க சொன்ன ஒரு குறையைச் சொல்லுங்க."

இந்தக் கேள்விக்கு ரமணா சார் பதில் கொடுத்திருந்தார். கிளையன்ட் வெரி ஹேப்பி மேடம், நோ கம்ப்ளெயின்ட்ஸ். கலைவாணி அதைச் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. ஐந்து இன்டர்வியூவிலும் நடந்ததுதான் இப்போதும் நடக்கிறது, முடிந்தது கதை, நாளைக் காலையும் ஏழுமலை ரயிலேறப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒருத்தங்களுக்குப் பாதிப் புழு செத்துப்போச்சி மேடம்" என்றாள் கலைவாணி.

"என்னது?"

"எம் ப்ரோக்ராமால."

பிறகு அவள் நிறுத்தவில்லை. சாக்கி சென்டரில் புழு வாங்கிப் போகிற ஒவ்வொருவருக்கும் அவளுடைய ப்ரோக்ராம் ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். என்றைக்கு எத்தனை வேளை தழை போடணும், எவ்வளவு போடணும், என்றைக்குப் புழு ஜுரத்துக்கு உட்காரும் எல்லாம் அதில் இருக்கும். புழு தோல் உரிக்கிற நேரத்தைத்தான் ஜுரம் என்கிறார்கள். அப்போது அது தின்னாது, தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். அநேகமாக எல்லாப் புழுவும் தோலை உரித்து எழுந்த பிறகுதான் தழை போட வேண்டும். முன்னால் எழுந்ததுக்குப் போட்டுவிட்டால் அது ஒரு நாள் வளர்த்தி கூடிப் போகும், பின்னால் எழுந்தது தழைக்கு அடியில் கிடந்து நோய்ப்படும். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சீட்டில் இலைப் படம் போட்டிருந்தாள். எத்தனை இலையோ அத்தனை வேளை.

"போன டிசம்பர்ல குளுரு ஜாஸ்தி மேடம். குளுருல ஜுரம் சீக்கிரம் எறங்காது. எம் ப்ரோக்ராம் நாளை மட்டும்தான் எண்ணுச்சி, குளுரை எண்ணல. வியாழக்கெழம காலைல தழை போடுன்னு சீட்டு சொல்லிடுச்சி. கமலம்மான்னு ஒரு அக்கா. இருவது வருசமா புழு வளக்கறவங்க. புழு இன்னும் எழுந்திருக்கலன்னு அவங்க கண்ணுக்கே தெரிஞ்சிருக்கு. ஆனா கம்ப்யூட்டர் சீட்டு தப்பா சொல்லுமான்னு போட்டுட்டாங்க. பாதிக்குப் பாதி போச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் ப்ரோக்ராமை மாத்தினேன். நூத்துல தொண்ணூத்தஞ்சு புழு எழுந்தாத்தான் தழைன்னு சீட்டுல கொட்டை எழுத்துல போட்டேன். அந்தக் குளுரு முழுக்க தெனம் கொட்டாய்ல எவ்ளோ குளுருன்னு எழுதி வெச்சேன். அதையும் ப்ரோக்ராம்ல சேக்கணும். அதுக்குள்ள இங்க வந்துட்டேன்."

"ரெஸ்யூம்ல இது எங்கே?"

"இல்ல மேடம். அது கம்பெனி கெடையாது."

பிறகு பத்மினி மேடம் கேட்டார்: "அந்த சென்டர்ல போன் இருக்கா?"

கலைவாணி நம்பரைச் சொன்னாள். ரமணா சாரின் நம்பரில் எடுக்கிற ஆள் எப்போதும் நல்லதையே சொல்வான். இந்த நம்பரில் யார் எடுப்பார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். பத்மினி மேடம் தன் செல்போனில் அடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார். நெடுநேரம் மணி அடித்தது.

"அலோ. யாரு?" ஒரு பெண் குரல். "சாரு இல்ல, சாப்புடப் போயிக்கிறாரு."

"பரவாயில்லைம்மா. நான் பெங்களூர் கம்பெனியிலேருந்து பேசறேன். கலைவாணின்னு ஒருத்தர் அங்கே வேலை பார்த்தாங்களா?"

"எந்தக் கலைவாணி, ஏழுமலை பொண்ணா? பாத்தாளே. ரெண்டு வருசம் இங்கதான் இருந்தா. அவ குடுத்த சீட்டாலதான் எம் பூச்சிங்க பாதி செத்துப்போச்சி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ராமகுப்பத்தில் எத்தனையோ பேர் இருக்க, அந்த மத்தியான வேளையில் போனை எடுத்தது கமலம்மாவேதான். அன்று தழை நறுக்கக் கூலிக்கு வந்திருந்தாராம்.

"நீங்க கமலம்மாங்களா?" என்று கேட்டார் பத்மினி மேடம்.

"ஒங்களுக்கு எம் பேரு எப்பிடித் தெரியும்?"

"கலைவாணிதான் சொன்னாங்க. நீங்க இப்போ சொன்னதையேதான் சொன்னாங்க."

"அவளே சொன்னாளா?" என்றார் கமலம்மா. "சொல்லுவா. அன்னிக்கும் அவளேதான் வந்து சொன்னா. நான் ஈரத் தழைய போட்டுட்டேன், எந் தப்புதான்னு நெனச்சிக்கினு அழுதுகினு இருந்தேன். சாருகூட அப்பிடித்தான் சொன்னாரு. இவதான் வூட்டுக்கு வந்து, இல்லக்கா, ஒம்மேல தப்பில்ல, எஞ்சீட்டுதான் தப்புன்னா. சொல்லாங்காட்டி யாருக்குத் தெரியப் போவுது? அடுத்த பயிரு பூச்சிங்க வளந்து முடியற வரைக்கும் எங்கூட்லதான் கெடந்தா. தழை வெட்டினா, எச்சம் வாரிக் கொட்டினா. அந்தப் பயிரு நல்லா வந்துச்சி."

இதைக் கலைவாணி உள்ளே சொல்லவில்லை. மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த என்னிடமும் சொன்னதில்லை. எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு பேர் டீமில் நானும் ஒருத்தி என்று ஐந்து ஊரில் போய் உளறியிருக்கிறாள். அவளை அப்படி உளற வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பது அடுத்த நொடியே உறைத்தது, வாயை மூடிக்கொண்டேன்.

"இப்போ அந்தச் சீட்டை யாராவது உபயோகிக்கிறாங்களாம்மா?"

"சீட்டு இல்லாம யாரு தழை போட்றாங்க? எரநூறு வூட்டுக்கு மேல போவுது. ஆமா, அவ எங்க கீறா? குளுரு வந்துடுச்சி. குளுருக்கு வேற சீட்டு போட்டுத் தரேன்னு சொல்லிட்டுப் போனா, இன்னும் வரல. கமலம்மா கேட்டான்னு சொல்லுங்க."

"சொல்றேன்ம்மா" என்று பத்மினி மேடம் போனை வைத்தார்.

பிறகு கலைவாணியிடம், "அந்தச் சீட்டு முடிக்க இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்றார்.

"நாலு நாள் மேடம்."

"வெளியே உட்காருங்க. ஒரு வெள்ளைப் பேப்பர் எடுத்துக்குங்க. இப்போ சொன்னதை ரெஸ்யூமா எழுதிக் கொடுங்க. நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எழுதுங்க."

கலைவாணி வெளியே வந்தாள். முகம் கழுவிவிட்டு வந்தவள் மாதிரி வியர்த்து வழிந்திருந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது, "சொல்லிட்டேன்டி" என்றாள். இதைச் சொன்னபோது அவள் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, மாதக்கணக்காக அடக்கி வைத்தது. வேலை கிடைத்ததா இல்லையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.

அடுத்தது நான். உள்ளே போய் உட்கார்ந்தேன். கையில் அதே சென்னைக் கம்பெனி. பத்மினி மேடம் என் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாதி திறந்திருந்த கதவையும் பார்த்தார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

என்னிடம் கமலம்மா யாரும் இல்லை. இரண்டு வருடம் மாந்தோப்பில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். அதைத்தான் சொன்னேன். எனக்கு அனுபவம் எதுவும் கிடையாது மேடம், கையில் இருப்பது பொய் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு சின்னக் கணக்கு கொடுத்து ப்ரோக்ராம் எழுதச் சொன்னார், பாதி வரை எழுதினேன். "இன்னும் பழகணும். அடுத்த வருஷம் ஃப்ரெஷரா வாங்க" என்று அனுப்பிவிட்டார். தோற்றுப்போய் வெளியே வந்தவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கோ, நாள் பூராவும் இறுக்கிக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்ட மாதிரி அப்பாடா என்று இருந்தது. பசி எடுத்தது.

நான்கு மணிக்கு ஒருவர் வந்து கதவில் பட்டியல் ஒட்டினார். அனுபவம் உள்ளவர்கள் என்று தலைப்புப் போட்டு நான்கு பெயர். ரமணா சாரின் ஆட்கள் ஒருவர்கூட அதில் இல்லை. மொட்டை போட்ட இரண்டு பையன்களும் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். கலைவாணியின் பெயரும் இல்லை. அவள் ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து விரலை வைத்துப் படித்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டினாள்.

"வா தேவி, குப்பம் பஸ்ஸு அஞ்சு மணிக்கு."

அதற்குள் அந்த ஆள் இன்னொரு சின்னக் காகிதத்தோடு திரும்பி வந்தார். பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள், மூன்று பெயர். மூன்றாவது பெயர் கலைவாணி. மற்ற இருவருக்கும் டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும் என்று அச்சடித்திருந்தது. அவளுக்கு மட்டும் அதை அடித்துவிட்டுப் பேனாவால் பதினொன்று என்று எழுதி, பக்கத்தில் 'சீட்டு முடித்த பிறகு' என்று போட்டிருந்தது. நாங்கள் இருவரும் அந்த மூன்று வார்த்தையை எத்தனை தடவை படித்தோம் என்று கணக்கில்லை.

ரமணா சார் விஷயம் கேள்விப்பட்டு முதலில் தலையில் கை வைத்தார். அடுத்த வாரமே கலைவாணியின் போட்டோவை வளையல் கடை வாசலில் பெரிதாக மாட்டி, எங்கள் மாணவி பெங்களூர் கம்பெனிக்குத் தேர்வு என்று எழுதிவிட்டார். அந்த மனிதரைத் திட்டவும் முடியாது.

அன்று பட்டியலைப் பார்த்த கையோடு, ஹோட்டலுக்கு எதிரில் இருந்த ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் போனோம். கலைவாணி ஊரில் பக்கத்து வீட்டு போனுக்கு அடித்து, ஏழுமலையைக் கூப்பிடச் சொன்னாள். அவர் அந்தக் காலோடு வந்து சேரும் வரை ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றாள். நான் கண்ணாடிக் கதவைக் காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் சத்தமாகப் பேசுகிறவர். வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

"இன்னாம்மா, இன்னா ஆச்சி?"

"கெடச்சிடுச்சி நைனா."

அந்தப் பக்கம் அவர் அதைப் பக்கத்து வீட்டாரிடம் திருப்பிச் சொல்வது கேட்டது.

"நைனா. கேக்குதா? நாளைக்கு ரயிலுக்குப் போவாத."

"நாளைக்குத் திங்கக்கெழமம்மா" என்றார் அவர். "ஸ்லாபு போடற வேலை கீது. போவாங்காட்டி மேஸ்திரிக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன் நைனா" என்றாள் கலைவாணி. "நம்பரக் குடு."